அழாத ஆணுக்கு இரக்கம் இல்லையா?

அடுத்த கேள்வி இலங்கை மலையகத்தில் தலவாக்கலைப் பக்கம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்திலிருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்கிறார். வாசிக்கிறேன். "எங்கள் லயத்தில் போன மாதம் ஒரு பாட்டி இறந்துபோனார். எல்லாரையும் தூக்கி வளர்த்தவர். பெண்கள் நாங்கள் கட்டிப்பிடித்து அழுதோம். என் வீட்டுக்காரர் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை. ஆண்களுக்கு இரக்கமே கிடையாதா?"

தங்கச்சி, அந்தப் பாட்டிக்குக் குழி வெட்டியது யார்? மழை ஈரத்தில் வழுக்குகிற பாதையில் பெட்டியைத் தோளில் சுமந்து மேட்டுக்கு ஏற்றியது யார்? ராத்திரி முழுக்க விழித்திருந்து தறப்பாள் கட்டி, தேத்தண்ணி கொடுத்தவர்களில் உங்கள் வீட்டுக்காரரும் இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். துக்கத்தைச் சொல்லி அழ நம் ஆட்கள் பெண்களுக்கு ஒப்பாரியைக் கொடுத்தார்கள். ஆண் கையில் மண்வெட்டியைக் கொடுத்தார்கள். ஐந்து வயதுப் பையன் விழுந்து அழுதால், "பொம்பளப் பிள்ளை மாதிரி அழாதே" என்று அதட்டுகிறோமே, அங்கேயே இது ஆரம்பித்துவிடுகிறது.

இதை ஆராய்ந்தும் பார்த்திருக்கிறார்கள். நான்சி ஐசன்பெர்க், ரான்டி லெனன் என்ற இரண்டு உளவியலாளர்கள் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து 1983இல் எழுதினார்கள். "பிறர் துன்பம் கண்டு நீங்கள் இளகுவீர்களா?" என்று வாய்விட்டுக் கேட்டால், பெண்கள் ஆண்களை விட மிக அதிகமாக ஆம் என்கிறார்கள். ஆனால் இதயத் துடிப்பு போன்ற உடல் மாற்றங்களை அளந்தபோதும், தெரியாமல் முகத்தைக் கவனித்தபோதும் அப்படித் தெளிவான வித்தியாசம் கிடைக்கவில்லை. பெண்களின் கண்ணீர் பொய் என்று இதற்கு யாரும் அர்த்தம் எடுக்கக்கூடாது. வெளியே தெரிவதை வைத்து உள்ளே இருப்பதை அளக்க முடியாது, அவ்வளவுதான்.

அப்படியென்றால் ஆண்களை விட்டுவிடலாமா? கூடாது. 2001இல் வந்த இன்னொரு ஆய்வு இருக்கிறது. தன் ஏமாற்றத்தைப் பற்றி ஒரு பெண் பேசும் வீடியோவைக் காட்டி, அவர் மனதில் என்ன ஓடியது என்று கண்டுபிடிக்கச் சொன்னார்கள். சரியாகச் சொன்னால் காசு என்றதும் ஆண் பெண் இருவருமே நன்றாகச் சொன்னார்கள், இருவருக்கும் இடையில் வித்தியாசமும் இல்லாமல் போனது. அதாவது முடியும், முயற்சி வேண்டும். நாள் முழுக்க மலையில் நின்று கொழுந்து பறித்து எடை போட்டுவிட்டு வந்த மனைவி அப்படியே அடுப்படிக்குப் போகிறார். அவருடைய முதுகுவலி கணவருக்கு விளங்காத விஷயமா? விளங்கும். திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு இதில் உண்மையாகவே கோபம் வருகிறது.

அப்புறம் இன்னொன்று. மலையில் குளவி கலைந்தால், படங்கைப் போர்த்திக்கொண்டு பெண்களை இழுத்து வர ஓடுகிற ஆண்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆலிஸ் ஈக்லியும் மௌரீன் குரோலியும் 1986இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, அந்நியருக்கு உதவுவதில், முக்கியமாக ஆபத்து இருக்கும் இடத்தில், ஆண்களே முன்னுக்கு நின்றார்கள். ஆனால் அவை பெரும்பாலும் சில நிமிட உதவிகள். படுத்த படுக்கையான மாமியாரை மாதக்கணக்கில் கழுவித் துடைத்து, சோறு ஊட்டுகிற இரக்கம் அந்தக் கணக்கில் வரவில்லை. அதை யாரும் கைதட்டிப் பார்ப்பதும் இல்லை. நம் லயங்களில் அதைச் செய்வது அநேகமாகப் பெண்கள்தான்.

அதனால் தங்கச்சி, "ஏன் அழவில்லை?" என்று அவரிடம் கேட்க வேண்டாம். சோறு சாப்பிட்ட பிறகு, "பாட்டி உங்களைச் சின்ன வயதில் எப்படிப் பார்த்துக்கொண்டார்?" என்று கேளுங்கள். உடனே பேச மாட்டார். கொஞ்ச நேரம் பக்கத்தில் சும்மா இருங்கள். தம்பி, நீங்களும் இந்த வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தால், தங்கச்சி அப்படி உட்காருவதற்கு முதலில் அந்தச் சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போய்க் கழுவி வையுங்கள்.