எங்கள் அணி சோம்பேறிகளின் அணி இல்லை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பாதியில் போட்டுவிட்டு வந்தீர்கள் பாருங்கள், அந்த ஒரு காரியத்துக்காகவே நீங்களெல்லாம் எங்கள் அணி!

"மனிதனை உயர்த்துவது குறையில்லாத நிறைவைத் தேடுவதா, குறைகளை ஏற்றுக்கொள்வதா?" இதுதான் தலைப்பு. ஏற்றுக்கொள்வதே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி இரண்டு கேள்வி கேட்டுவிட்டுப் போனார். "ராஜராஜன் இது போதும் என்று நினைத்திருந்தால் தஞ்சைப் பெரிய கோயில் எழும்பியிருக்குமா?" என்பது ஒன்று. கைதட்டல் பலமாக இருந்தது. "உங்கள் வயிற்றைக் கிழிக்கிற டாக்டரும், உங்களைத் தூக்கிக்கொண்டு பறக்கிற பைலட்டும் குறையோடு இருந்தால் பரவாயில்லையா?" என்பது அடுத்தது. அதற்கு இன்னும் பலம். நானே தட்டிவிட்டேன்.

முதலில் கோயிலுக்குப் போவோம். பெரிய கோயில் விமானத்துக்குள்ளே, கருவறையைச் சுற்றி மேல்தளத்தில் ஒரு நடை இருக்கிறது. பொதுவாக நம்மை அங்கே விடமாட்டார்கள். நாட்டிய சாஸ்திரம் சொல்லும் 108 கரணங்களையும், அதாவது ஆடல் நிலைகளையும், சிவபெருமானே ஆடிக் காட்டுவது போல அந்தச் சுவரில் செதுக்க ஆரம்பித்தார்கள். 81 முடிந்திருக்கிறது. மீதி 27 இடத்தில் கல் இருக்கிறது, சிற்பம் இல்லை. ஆயிரம் வருஷமாக வெறும் கல்தான். அதற்காக ராஜராஜன் கலசம் ஏற்றாமல் விட்டாரா? 1010-இல் ஏற்றிவிட்டார். சகோதரி, அடுத்த மேடையில் பெரிய கோயிலைத் தொடுவதற்கு முன்னால் அந்த 27 கல்லையும் ஒரு முறை நினைத்துக்கொள்ளுங்கள்.

கழுகுமலை வெட்டுவான் கோயிலைப் பாருங்கள். ஒரே பாறையில் குடைந்த பாண்டியர் கோயில். சிகரமும் சிலைகளும் அவ்வளவு நேர்த்தி, அடிப்பகுதியோ பாறையாகவே நிற்கிறது. முடிக்கவில்லை. முடிக்காமல் விட்டதால்தான் மேலிருந்து கீழே செதுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பதே நம் கண்ணுக்குத் தெரிகிறது. மாமல்லபுரத்துப் பிடாரி ரதமும் அப்படித்தான். குறையோடு நிற்கிற அதையும் தேடிப்போய்ப் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டுதானே வருகிறோம்?

சரி, இதைச் சொன்னதும் எதிரணியில் ஒரு முணுமுணுப்பு கேட்டது. "அப்போ எதையும் அரைகுறையாகச் செய்யலாம் என்கிறீர்களா?" இல்லவே இல்லை. அந்த 81 கரணத்தில் கை வைத்த சிற்பி ஒரு விரலையாவது அலட்சியமாகச் செதுக்கியிருப்பானா? எங்கள் அணி சோம்பேறிகளின் அணி இல்லை. "என்னிடம் தவறு வராது" என்று நினைத்துக்கொண்டு வேலைக்குப் போகிறவனைத்தான் நாங்கள் எதிர்க்கிறோம். அவன் ஆபத்தானவன். எவ்வளவு ஆபத்து என்பதற்கு அந்த இரண்டாவது கேள்வியே போதும். டாக்டரும் பைலட்டும் என்றீர்கள் அல்லவா, நானும் அந்த இரண்டு பேரையும்தான் கூப்பிடப் போகிறேன்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனரீஃப் தீவில் ஒரு சின்ன விமான நிலையம். பக்கத்துத் தீவின் விமான நிலையத்தில் குண்டு வெடித்ததால் பெரிய பெரிய விமானங்களையெல்லாம் இங்கே திருப்பிவிட்டிருந்தார்கள். ஒரே நெரிசல். போதாததற்கு மூடுபனி. ஓடுபாதையின் ஒரு முனையில் கே.எல்.எம். நிறுவனத்தின் ஜம்போ புறப்படத் தயாராக நிற்கிறது. அதே பாதையில், பனிக்குள்ளே, பான் ஆம் நிறுவனத்தின் ஜம்போ இன்னும் ஊர்ந்துகொண்டிருக்கிறது.

கே.எல்.எம். கேப்டன் சாதாரண ஆள் இல்லை. அந்த நிறுவனத்தில் மற்ற பைலட்டுகளுக்கே ஜம்போ ஓட்டப் பயிற்சி கொடுப்பவர். கம்பெனி விளம்பரத்தில் அவர் முகத்தைத்தான் போட்டிருந்தார்கள். எதிரணி தேடுகிற அந்த நிறைவான மனிதர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதல் தடவை விமானத்தை நகர்த்தப் பார்த்தபோது, இன்னும் அனுமதி வரவில்லை என்று துணை விமானி நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் கேப்டன் மறுபடியும் கிளப்பிவிட்டார். புறப்படுவதற்கான அனுமதி அப்போதும் வரவில்லை. ஒரு தடவை தடுத்த துணை விமானி இந்தத் தடவை தடுக்கவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த விமானப் பொறியாளருக்குத்தான் சந்தேகம். "அந்தப் பான் ஆம் இன்னும் விலகவில்லையோ?" என்று கேட்கிறார். கேப்டன் அடித்துச் சொல்கிறார்: "விலகிவிட்டது." அதற்குமேல் அவர் கேட்கவில்லை. யாரிடம் கேட்பது? சில நொடிகளில் இரண்டும் மோதின. 583 பேர் போனார்கள்.

பனி ஒரு காரணம். ரேடியோவில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசிச் செய்தி சிதறியது இன்னொரு காரணம். எல்லாப் பழியையும் ஒருவர் தலையில் கட்ட நான் வரவில்லை. ஆனால் "இவரா தப்பு செய்வார்?" என்ற நினைப்பு அந்த விமானி அறைக்குள் இருந்ததே, அதை யார் மறுக்க முடியும்? வள்ளுவர் இதை நேராகவே சொல்லிவிட்டார்: "அரியகற்று ஆசற்றார் கண்ணும் தெரியுங்கால் இன்மை அரிதே வெளிறு." அரிய நூல்களைக் கற்றுக் குற்றமே இல்லாதவர் என்று பெயரெடுத்தவரிடமும் ஆராய்ந்து பார்த்தால் அறியாமை கொஞ்சமும் இல்லாமல் இருப்பது அரிது. அதிகாரம் எது தெரியுமா? தெரிந்து தெளிதல். ஆளை எப்படித் தேர்ந்து நம்புவது என்று சொல்லுகிற இடம். அந்த இடத்தில்தான் இதை வைத்திருக்கிறார்.

அதற்குப் பிறகு விமான உலகம் என்ன செய்தது? தப்பே செய்யாத கேப்டனைத் தேடிப் புறப்பட்டதா? கேப்டனும் தப்பு செய்வார் என்று பாடத்திலேயே எழுதி வைத்தது. சின்னவர் பெரியவரைப் பார்த்து "ஐயா, நிறுத்துங்கள்" என்று சொல்லப் பயிற்சி கொடுத்தது. சொன்னால் பெரியவர் கோபப்படாமல் கேட்கவும் பயிற்சி! (நம் வீடுகளுக்கும் இந்த வகுப்பை யாராவது நடத்தினால் புண்ணியம்.)

இன்னும் பின்னால் போனால் 1935 அக்டோபர் 30. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் போயிங்கின் புதிய குண்டுவீச்சு விமானத்துக்குச் சோதனை ஓட்டம். ஓட்டியவர் கைதேர்ந்தவர். மேலே ஏறிய கொஞ்ச நேரத்தில் விமானம் விழுந்தது, அவரும் இறந்துபோனார். இயந்திரத்தில் கோளாறே இல்லை. தரையில் நிற்கும்போது வாலில் அசையும் மடல்கள் காற்றில் ஆடாமலிருக்க ஒரு பூட்டு போடுவார்கள், அதை எடுக்க மறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு அவர்கள் கொண்டுவந்தது ஒரு பட்டியல். எதை எடுக்க வேண்டும், எதைத் திருப்ப வேண்டும், வரிசையாக எழுதி வாய்விட்டுப் படிப்பது. அந்த விமானத்தின் வழியில் வந்த பி-17 ரகத்தில் மட்டும் 12,000-க்கும் மேல் கட்டினார்கள்.

டாக்டருக்கு வருவோம். அதே பட்டியலைத்தான் 2008-இல் உலக சுகாதார நிறுவனம் அறுவை அரங்குக்குள் கொண்டுவந்தது. மொத்தம் 19 விஷயங்கள். அவற்றைப் படித்தால் சிரிப்பு வரும். நோயாளி இவர்தானா? எந்தப் பக்கம் அறுக்க வேண்டும்? உள்ளே வைத்த பஞ்சும் ஊசியும் எண்ணிக்கை சரியாக வெளியே வந்துவிட்டதா? எவ்வளவு பெரிய சர்ஜன் ஆனாலும் நிறுத்திக் கேட்கச் சொல்கிறது. டெல்லி உட்பட எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் இதைச் செய்துபார்த்து 2009-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவைக்குப் பின் இறந்தவர்கள் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்திருந்தார்கள். ஆகவே சகோதரி, என் வயிற்றைக் கிழிக்க எனக்கு வேண்டியது எங்கள் அணி டாக்டர். பஞ்சை எண்ணாமல் "எனக்குத் தெரியும்" என்று தைக்கிற டாக்டரை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

தமிழ்ப் பற்றோடு பேசுவார் எதிரணித் தலைவர், அவருக்காக ஒன்று. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தவர். "பார், நிறைவைத் தேடியவர்" என்று தலைவர் அவரைத் தூக்கிக்கொள்ளப் பார்ப்பார். கொஞ்சம் பொறுங்கள். 1894-இல் அவர் புறநானூறு அச்சிட்டாரே, அதில் 267, 268 இரண்டு பாட்டும் இல்லை. பல பாட்டுகளில் அடிகள் சிதைந்துபோயிருந்தன. பழைய உரையோ 266-ஆம் பாட்டோடு நின்றுவிட்டது. முழுப் பிரதி கிடைக்கட்டும் என்று ஐயர் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்த இரண்டு பாட்டும் இன்றைக்கு வரைக்கும் கிடைக்கவில்லை! பத்து வருஷம் கழித்து அவர் பதிப்பித்த பதிற்றுப்பத்திலும் முதல் பத்தும் கடைசிப் பத்தும் இல்லை. பத்தில் எட்டுதான் கையில் இருக்கிறது, இருந்தாலும் ஊர் படிக்கட்டும் என்று கொடுத்துவிட்டார். 1887-இல் போட்ட சீவக சிந்தாமணியைத் திருத்தி 1907-இல் மறுபடியும் பதிப்பித்தார். குறை இருக்கிறது என்று தெரிந்தேதான் முதலில் வெளியிட்டார், தெரிந்ததால்தான் பிறகு திருத்தினார்.

கடைசியாக வீட்டுக்கு வருவோம், நேரமாகிவிட்டது, நடுவர் மணியைப் பார்க்கிறார். இப்போது கல்யாண ஆல்பங்களைப் புரட்டியிருக்கிறீர்களா? மாப்பிள்ளை கன்னத்துத் தழும்பு போயிருக்கும், பெண்ணின் நிறம் இரண்டு படி ஏறியிருக்கும். அதாவது பரவாயில்லை. பாட்டி முகத்துச் சுருக்கத்தையும் கம்ப்யூட்டரில் தேய்த்து வழவழவென்று ஆக்கிவிடுகிறார்கள். பாட்டி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்கிறாள்: "இந்தப் பொம்பளை யாருடா? பெண் வீட்டு ஆளா?" எண்பது வருஷம் வாழ்ந்து சேர்த்த முகம் ஐயா அது! அதை நிறைவாக்குகிறேன் என்று ஆளையே காணாமல் அடித்துவிட்டார்கள்.

மணி அடித்துவிட்டது, ஒரே நிமிடம். நடுவர் அவர்களே, அடுத்துப் பேச வருகிற எதிரணித் தலைவரின் சட்டைப் பையைக் கொஞ்சம் கவனியுங்கள். மடித்த துண்டுச் சீட்டு ஒன்று எட்டிப் பார்க்கிறது. பேச வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். ஏன்? மேடையில் மறந்துவிடும் என்று அவருக்கே தெரியும். அது எங்கள் கட்சி ஐயா! அவர் அதை எடுக்காமல் கடைசி வரை பேசிவிட்டால் தீர்ப்பை அவருக்கே கொடுத்துவிடுங்கள். கை பைக்குள் போனால், எங்களுக்கு. நன்றி, வணக்கம்.