அணையில் அடி, கால்வாயில் கன அடி

நேயர்களுக்கு வணக்கம். தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் காலையில் பேப்பரைப் பிரித்ததும் கண் போவது அணை நீர்மட்டத்துக்குத்தான். பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத் திட்டத்தின் அணைகளுக்கு முழு மட்டம் இது: சோலையாறு 160 அடி, பரம்பிக்குளம் 72, ஆழியாறு 120, திருமூர்த்தி 60. சோலையாறு நிரம்பியது என்று செய்தி வந்தால் போதும், ‘இந்த வருசம் தண்ணிக்குக் கவலையில்லை’ என்று டீக்கடையில் பேச்சு கிளம்பிவிடும். அந்தப் பேச்சு பாதிதான் சரி. மீதிப் பாதி கால்வாயில் இருக்கிறது.

தண்ணீர் வரும் வழியை மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்ப்போம். வால்பாறை மலையில் நீராறு. தன் போக்கில் விட்டால் இடமலையாறு வழியே பெரியாற்றுக்குப் போய்விடும். அதைத் தடுத்துச் சுரங்கம் வழியாகச் சோலையாறு அணைக்குத் திருப்புகிறோம். அங்கிருந்து மானாம்பள்ளி மின்நிலையம் வழியாகப் பரம்பிக்குளம். பரம்பிக்குளம் கேரள மண்ணில் இருக்கிறது, பராமரிப்பது தமிழ்நாடு. அடுத்து இன்னொரு சுரங்கம், தூணக்கடவு. பக்கத்திலேயே பெருவாரிப்பள்ளம், இரண்டும் வெட்டுக் கால்வாயால் இணைந்தவை. பிறகு சர்க்கார்பதி மின்நிலையம். அங்கே வழி பிரிகிறது: ஒரு பக்கம் ஆழியாறு, இன்னொரு பக்கம் காண்டூர் கால்வாய், அதன் முடிவில் திருமூர்த்தி அணை. இத்தனை தூரமும் தண்ணீர் சரிவிலேயே இறங்கி வருகிறது.

இந்தக் காண்டூர் கால்வாயைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நீளம் சுமார் 49 கிலோமீட்டர். மலையின் இடுப்பை ஒட்டி, சரிவு குறையாமல் வளைந்து வளைந்து போகிறது. வடிவமைத்த கொள்ளளவு நொடிக்கு 1,150 கன அடி. ஒரு நாளைக்கு 86,400 நொடி. பெருக்கிப் பாருங்கள், ஏறத்தாழ 10 கோடி கன அடி வரும். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. ஆக, கால்வாய் விளிம்பு வரை நிறைந்து ஓடினாலும் ஒரு டி.எம்.சி. போய்ச்சேரப் பத்து நாள். மலையில் அணை ஒரே வாரத்தில் நிரம்பலாம், கால்வாய் அந்த வேகத்துக்கு வராது.

அதுவும் முழுக் கொள்ளளவில் ஓடினால்தான். மலைப் பக்கத்திலிருந்து மழையோடு மண்ணும் பாறையும் சரிந்து உள்ளே விழும். பள்ளத்துப் பக்கத்துக் கரையில் வேர் புகுந்து கான்கிரீட்டைப் பிளக்கும். கோடையில் கால்வாய்க்குக் கீழ்ச்சரிவில் ஒரு திட்டு மட்டும் பச்சைப் பசேலென்று நின்றால், அதற்கு நேர் மேலே கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வழியில் நொடிக்கு 100 கன அடி கசிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 135 நாள் தண்ணீர் விட்டால் அது சுமார் 1.17 டி.எம்.சி. திருமூர்த்தி அணையின் மொத்தக் கொள்ளளவே சுமார் 1.9 டி.எம்.சி. தான். அரை அணைக்கு மேல் வழியிலேயே போய்விடும்! பாசனப் பரப்போ 3.77 லட்சம் ஏக்கர், அதை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத்தான் தண்ணீர் விடுகிறார்கள். ஒரு மண்டலத்துக்கு முறை வர இரண்டு வருசம் காத்திருக்க வேண்டும். அந்த முறையிலும் தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது கடைமடைதான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: அணையின் அடியைப் பார்க்கிற கண், கால்வாயின் கன அடியையும் பார்க்கட்டும்.

இன்னொன்று. பரம்பிக்குளத்தின் 72 அடி, ஆற்றுப்படுகையிலிருந்து அளந்த ஆழம் அன்று. படுகை, அந்த அளவு தொடங்கும் மட்டத்துக்கும் வெகு கீழே. அணையின் மொத்தக் கொள்ளளவு சுமார் 17.8 டி.எம்.சி., நாம் எடுத்துப் பயன்படுத்த முடிவது சுமார் 13.4.

2022 செப்டம்பர் 21 நினைவிருக்கும். பரம்பிக்குளத்தின் மூன்று ஷட்டர்களில் நடு ஷட்டரின் எதிர் எடையை (ஷட்டரைத் தூக்க உதவும் எடை) தாங்கிய சங்கிலி அறுந்தது. எடை விழுந்தது, ஷட்டர் போனது. நொடிக்குச் சுமார் 20,000 கன அடி சாலக்குடி ஆற்றில் பாய்ந்தது. அந்த வேகத்தில் ஒரு நாள் ஓடுவது, காண்டூர் கால்வாய் பதினேழு நாளில் சுமக்கும் தண்ணீர். ஷட்டரின் அடிமட்டத்துக்கு நீர் இறங்கும்வரை நிறுத்த வழியில்லை. சங்கிலி, கம்பி வடம், கியர் இவற்றையெல்லாம் அணை வற்றியிருக்கும் மாதங்களிலேயே பார்த்து மாற்றிவிட வேண்டும். நிரம்பிய பிறகு கையே வைக்க முடியாது.

கேரளத்தின் பங்கையும் சொல்லிவிடுகிறேன். 1970 மே 29-இல் கையெழுத்தான ஒப்பந்தப்படி, கேரளத்தின் சோலையாறு அணைக்கு ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி., ஆழியாற்றிலிருந்து எல்லையோர மணக்கடவில் 7.25 டி.எம்.சி. ஆழியாற்றில் தண்ணீர் இருக்கிறதே, ஏன் நமக்குத் திறக்கவில்லை என்று கேட்பவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்தே கேட்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர்ப் பக்கத்து நெல் வயலும் இதை நம்பித்தான் இருக்கிறது.

நேரம் ஆகிவிட்டது என்று சைகை வருகிறது. இன்னும் தொடங்காத ஆனைமலையாறு–நல்லாறு திட்டம் பற்றி ஒரு வரி மட்டும். இடமலையாறு அணையைக் கேரளம் கட்டி முடித்தபின் ஆனைமலையாற்றிலிருந்து 2.5 டி.எம்.சி. நாம் எடுக்கலாம் என்று அதே ஒப்பந்தத்தில் இருக்கிறது. இடமலையாறு அணை கட்டி முடிந்து வெகுகாலம் ஆயிற்று. இரு மாநிலமும் பேசி ஒரு முடிவுக்கு வர வேண்டியது இன்னும் பாக்கி. வணக்கம்.