சந்தா காசும் ஓட்டுச் சீட்டும்

தலைவர் ஐயா, கோயில் பரிபாலன சபையார், அதிபர் ஐயா, எனக்குப் பொன்னாடை போர்த்தின முன்னாள் பிரதேச சபை உறுப்பினர் அண்ணன் (இது மூணாவது பொன்னாடைண்ணே, வீட்ல ஜன்னலுக்குத் திரை தச்சிருவாங்க), முன்னால குந்தியிருக்கிற அம்மாமார், எல்லாருக்கும் வணக்கம். பத்து நிமிசம் குடுத்திருக்காங்க. மலையகத் தோட்டத் தொழிலாளர் சங்கமான இலங்கைத் தொழிலாளர் காங்கிரசுக்குத் தலைவரா இருந்த சௌமியமூர்த்தி தொண்டமான் ஐயாவப் பத்தி மூணு விசயம் சொல்லணும், சங்கம், பாராளுமன்றம், அப்புறம் சங்கத்துல பொம்பளைகளுக்கு உள்ள இடம்.

எங்க அம்மாயி சொல்லும், அழுத புள்ளதான் பால் குடிக்கும்னு.

தொண்டமான் ஐயா தேயிலைக் கொழுந்து எடுத்த குடும்பம் இல்ல, றம்பொடையில தோட்டத்துக்கே சொந்தக்கார வீட்டுப் புள்ள. அந்த வீட்டுப் புள்ள சங்கம் பேசுனதுதான் வேடிக்கை. 1947ல நுவரெலியாவுல நின்னு ஜெயிச்சாரு. அடுத்த வருசமே குடியுரிமைச் சட்டம், இந்தியாவுல இருந்து வந்த தோட்டத்து நம்மாளுங்க நாடில்லாதவங்க ஆனாங்க, பின்னாலயே ஓட்டும் போச்சு. ஆனா ஓட்டப் புடுங்குனவங்களால நாம சங்கத்துக்குக் கட்டுற சந்தா காசப் புடுங்க முடியல பாருங்க. அந்தப் பலத்துலதான் நியமன எம்பியா உள்ள போனாரு, 1977ல நுவரெலியா மஸ்கெலியாவுல மக்கள் ஓட்டுலயே ஜெயிச்சு 1978ல மந்திரி. மந்திரியான பிறகும் சங்கத்த விடல. அதுல எனக்கு அரை மனசுதான், அது வேற கதை.

1986 தைப்பொங்கல். நாடில்லாம மிச்சமிருந்தவங்களுக்குப் பிரஜாவுரிமை கேட்டு வேலைய நிறுத்தச் சொன்னாரு, ஆனா ஸ்ட்ரைக்குன்னு சொல்லல, பிரார்த்தனைன்னாரு. மந்திரி ஸ்ட்ரைக் பண்ணக் கூடாது, சாமி கும்புடலாம்ல! காலைல 7 மணியில இருந்து பகல் 12 வரைக்கும். எங்க தோட்டத்துல மேனேஜர் துரை காலைல ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு வந்தா ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாரும் மாரியம்மன் கோயில்ல. கணக்கப்புள்ளய அனுப்புனாரு, அவரு பொங்கல வாங்கிட்டு அங்கயே குந்திட்டாரு. பொலிசு வந்துச்சு, சப்பாத்தக் கழட்டிட்டு வாசல்ல நின்னுச்சு, சாமி கும்புட்டவன எந்தச் சட்டத்துல புடிக்கிறது? கடைசியா துரையே வந்து கெஞ்சுறாரு, கொழுந்து முத்திப் போவுதுன்னு. எங்க அம்மாயி கண்ணத் தொறக்காமலே, "தொரே, இன்னும் 12 ஆவல". சில நாள்லயே அரசாங்கம் இறங்கி வந்துச்சு, மிச்சமிருந்த 94,000 பேருக்குப் பிரஜாவுரிமை. அழுத புள்ள பால் குடிச்சிருச்சு, அதுவும் சத்தமே போடாம.

சரி, பிரஜாவுரிமை இருக்கு, ஓட்டு இருக்கு, நான் பொறந்த லயத்துக் காம்பரா, தோட்டம் குடுத்த அந்த வரிசை வீட்டு அறை, யாரு பேர்ல இருக்கு? எம்பிய அனுப்புறோம், மந்திரிய அனுப்புறோம், கையில ஒரு காணி உறுதி, நிலப் பத்திரம் இல்ல. அதுக்கு அழுதோமா நாம? கூரை ஒழுகுதுன்னு தகரம் கேட்டு அழுதோம், தகரம் வந்துச்சு. காணி கேட்டு அழணும்.

தலைவர் மணி அடிச்சிட்டாரு, பொம்பளைகளப் பத்தி அடுத்த கூட்டத்துல. வாசல்ல மேசை போட்டு காணி கேட்டு மனு வச்சிருக்கோம், கையெழுத்துப் போடாம யாருக்கும் டீ கிடையாது. பேனா ரெண்டுதான் இருக்கு, வரிசையா வாங்க.