ஜன்னல் சீட்டின் சாட்சி செல்லாது!

(பட்டிமன்றத் தலைப்பு: ஓட்டுநருக்கு இனிய சாலை நான்குவழிச் சாலையா, ஊருக்குள் புகுந்து போகும் இருவழிச் சாலையா? நான்குவழிச் சாலை அணியின் உரை.)

நடுவர் அவர்களே, அவையில் கூடியிருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

எதிரணித் தலைவர் ஐயா இப்போதுதான் நம்மை எல்லாம் புளியமர நிழலில் உட்கார வைத்து, வாழையிலையில் சோறு போட்டு, ஒரு பைசா சுங்கம் வாங்காமல் ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தார். போகிற போக்கில், "நான்குவழிச் சாலையில் போனால் தூக்கம் வருகிறது" என்றும் ஒரு போடு போட்டார். ராணி மங்கம்மாளைச் சாட்சிக்கு அழைத்தார். நீங்கள் கைதட்டினீர்கள், நானும்தான் தட்டினேன்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம், நடுவர் அவர்களே. அந்த நிழலை ரசித்தது யார்? ஸ்டியரிங் பிடித்தவரா, ஜன்னல் ஓரம் உட்கார்ந்தவரா? இருவழிச் சாலையில் ஓட்டுகிறவர் புளியமரத்தையா பார்க்கிறார்? முன்னால் போகிற லாரியின் பின்கதவைப் பார்க்கிறார். அதில் 'சவுண்ட் ஹாரன்' என்று எழுதியிருக்கும். அதையே இருபது கிலோமீட்டருக்குத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டு போகிறார்.

ஏன் முந்தவில்லை? கணக்குப் போடுவோம். லாரி மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிறது, கார் 80ல் முந்துகிறது. வித்தியாசம் 20, அதாவது நொடிக்கு ஐந்தரை மீட்டர். லாரி 10 மீட்டர் நீளம், கார் 4 மீட்டர். ஏறும்போது 20 மீட்டர் இடைவெளி, திரும்பிச் சேரும்போது 20 மீட்டர். மொத்தம் 54 மீட்டரை நொடிக்கு ஐந்தரை மீட்டராகத் தின்று தீர்க்கப் பத்து நொடி ஆகும். அந்தப் பத்து நொடியில் கார் 220 மீட்டர் ஓடிவிடும். எதிரே வருகிற பஸ்ஸும் 80ல் வந்தால் அது ஒரு 220 மீட்டர். ஆக 440 மீட்டருக்கு எதிர்ச்சாரி காலியாக இருப்பது கண்ணுக்குத் தெரிந்தால்தான் ஆக்ஸிலேட்டரை மிதிக்கலாம். இது நான் மேடைக்காகச் சொல்கிற கணக்கு இல்லை. சாலைகளுக்கு அளவு வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வடிவமைப்பு விதியில் 80 கிலோமீட்டர் வேகத்துக்கு முந்துவதற்கான பார்வை தூரம் 470 மீட்டர். 100 கிலோமீட்டர் வேகத்துக்கு 640. நம் ஊர்ச் சாலையில் வளைவும் ஏற்றமும் மரமும் விட்டுவைத்தது போக 470 மீட்டர் நேர்பார்வை எங்கே கிடைக்கிறது? கிடைக்கிற இடத்தில் எதிரே டிராக்டர் வருகிறது. டிராக்டர் போனதும் ஊர் வந்துவிடுகிறது. ஊருக்குள் வேகத்தடை.

நடுத்திட்டு போட்ட சாலையில் இந்தக் கணக்கே கிடையாது. எதிரே வருகிறவர் அந்தப் பக்கம், நாம் இந்தப் பக்கம். இங்கே தேவை நின்றுகொள்வதற்கான தூரம் மட்டும்தான்: 80க்கு 120 மீட்டர், 100க்கு 180 மீட்டர். ஓட்டுநருக்கு இனிமை என்பது அதுதான் ஐயா. எதிரே யார் வருகிறார், என்ன நினைத்துக்கொண்டு வருகிறார் என்று ஊகிக்க வேண்டியதில்லை.

இருட்டிய பிறகு இருவழிச் சாலையில் என்ன ஆகிறது? எதிரே ஒருவர் ஹை பீம் போட்டு வருகிறார். நாம் டிம் அடித்துக் காட்டுகிறோம், அவர் அடிக்கவில்லை. அவர் கடந்து போன பிறகும் சில நொடிகளுக்குக் கண் இருட்டு. 70ல் போகிற வண்டி ஒரு நொடிக்கு 19 மீட்டர் ஓடுகிறது. மூன்று நொடி கண் இருண்டால் ஏறக்குறைய 58 மீட்டர் குருட்டு ஓட்டம். அந்த 58 மீட்டருக்குள்தான் விளக்கில்லாத சைக்கிள் இருக்கும், மாட்டுவண்டி இருக்கும்.

நான்குவழிச் சாலையின் நடுத்திட்டில் அரளிச் செடி வரிசையாக நிற்கிறதே, அது வெறும் அழகுக்கு என்று நினைக்க வேண்டாம். தண்ணீர் அதிகம் கேட்காது, வெயில் தாங்கும். இலையில் விஷம், அதனால் ஆடு மாடு வாய் வைக்காது. ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு அடர்ந்துவிட்டால் எதிர் வண்டியின் விளக்கு நம் கண்ணுக்கு வராது. சாலை காலியாக இருந்தால் நாமும் ஹை பீம் போட்டுக்கொண்டு தூரத்தைப் பார்த்துப் போகலாம். இருவழிச் சாலையில் அரை நிமிஷத்துக்கு ஒரு தடவை டிம் பண்ணியாக வேண்டும். ஒரு குறையை ஒப்புக்கொள்கிறேன். நடுத்திட்டில் திறப்பு விட்டிருக்கும் இடங்களில் அரளியைத் தாழ வெட்டி வைக்க வேண்டும். வெட்டாமல் விட்டால் திரும்பக் காத்திருக்கும் இருசக்கர வண்டி செடிக்குப் பின்னால் மறைந்து, மூக்கை நீட்டிய பிறகுதான் தெரியும். இது பராமரிப்பில் வரும் கோளாறு. நான்குவழியின் பிறவிக் குணம் இல்லை.

மங்கம்மாளுக்கு வருவோம். 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மதுரையை ஆண்ட மகராசி; சாலை போட்டார், மரம் நட்டார், சத்திரம் கட்டினார். கும்பிட வேண்டிய வேலை. ஆனால் அவர் மரம் நட்டது கால்நடையாக வந்தவருக்கும், மணிக்கு நாலு கிலோமீட்டர் போகும் மாட்டுவண்டிக்கும். தார் விளிம்பிலிருந்து ஓர் அடியில் நிற்கும் அடிமரம், 80 கிலோமீட்டரில் வரும் காருக்கு நிழல் தருகிற மரம் இல்லை, கருங்கல் தூண். வெள்ளை வளையம் பூசிவிட்டால் அது இளகிவிடுமா? மாசி பங்குனியில் புளி உலுக்குகிறவர்கள் வேறு சாலையில் நிற்பார்கள்.

அறுப்புக் காலத்தைப் பற்றி எதிரணி வாயே திறக்கவில்லை. கொள்ளு, கேழ்வரகு, சோளம் எல்லாம் கிராமத்துச் சாலையில் பரப்பிக் கிடக்கும், வண்டிச் சக்கரம் கதிர் அடித்துக் கொடுக்கும் என்று. விவசாயிக்குக் களம் இல்லை, அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கொள்ளுக்கொடி காரின் அடியில் ஆக்ஸிலில் சுற்றிக்கொண்டால் சைலன்சர் சூட்டில் புகைந்து தீப்பிடிக்கும். இருசக்கர வண்டி அதன் மேல் பிரேக் பிடித்தால் வழுக்கும். வேகத்தடைக்கு என்று ஓர் அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், 17 மீட்டர் ஆரம் உள்ள வளைவு. மணிக்கு 25 கிலோமீட்டரில் ஏறி இறங்கினால் உடம்பு குலுங்காது. நம் ஊரில் ஊராரே இரவோடு இரவாகப் போட்டது ஒரு முழ அகலம், பெயின்ட் கிடையாது, பலகை கிடையாது. ஆயில் சேம்பரை அடித்துவிட்டுத்தான் அது இருப்பதே தெரியும்.

சரி, எங்கள் பக்கத்து அழுக்கையும் நானே துவைக்கிறேன், இல்லாவிட்டால் அடுத்துப் பேசப்போகும் அம்மா துவைத்துவிடுவார்.

முதல் எரிச்சல், வலது சாரியை விடாத லாரி. லாரிக்காரர் வேண்டுமென்றே செய்வதாக எல்லோரும் நினைக்கிறோம். காரணம் வேறு. இடது சாரியில் பாரவண்டிகளே ஓடி ஓடித் தார் குழிந்து தடம் விழுந்திருக்கும். ஓரத்தில் பைக், எதிர்த்திசையில் வரும் மொபெட், நிறுத்தி வைத்த டிப்பர். 25 டன் ஏற்றியவர் ஒவ்வொரு தடவையும் வேகம் குறைத்து, கியர் இறக்கி, மறுபடி ஏற்றுவதற்குப் பதில் வலது சாரியிலேயே நின்றுவிடுகிறார். அதற்காக இடதுபக்கம் புகுந்து முந்தாதீர்கள். லாரியின் ஸ்டியரிங் வலப்பக்கம், இடது பக்கவாட்டு அவருக்குக் குருட்டு மூலை. அவர் இடது சாரிக்கு வர நினைக்கிற அதே நொடியில்தான் நீங்கள் அங்கே இருப்பீர்கள். விளக்கை இரண்டு தடவை அடித்துவிட்டுப் பத்து நொடி பொறுத்தால் பெரும்பாலும் வழி விடுவார்.

இரண்டாவது, ராத்திரி ஓரத்தில் விளக்கில்லாமல் நிற்கும் லாரி. இதற்கு நான் சமாதானம் சொல்ல மாட்டேன். பின்புறம் சிவப்பு, பக்கவாட்டில் மஞ்சள், முன்னால் வெள்ளை என்று பிரதிபலிப்புப் பட்டை ஒட்ட வேண்டும் என்று விதி. ஒட்டியிருப்பார்கள், அதன் மேல் சிமென்ட் தூசி படிந்திருக்கும். லோ பீம் விளக்கு தெளிவாகக் காட்டுவது சுமார் 50 மீட்டர் தூரம். 100ல் போகிறவர் நிற்க 180 மீட்டர் வேண்டும். அதனால்தான் இரவில் இடது ஓரத்தைப் பிடிக்காதே என்று பழைய ஓட்டுநர்கள் சொல்வது.

பாலம் வந்தால் 'டக்' என்று தூக்கிப் போடுகிறதே என்பீர்கள். பாலம் ஆழ அடித்தளத்தில் நிற்கிறது, அசையாது. அதை ஒட்டிக் கொட்டிய மண் வருஷா வருஷம் இறங்குகிறது. இரண்டும் சேருமிடத்தில் படி விழுகிறது. சாத்தூர், கோவில்பட்டி பக்கம் கரிசல் மண் மழைக்கு ஊதும், கோடைக்குச் சுருங்கும். மேலே எவ்வளவு நல்ல தார் போட்டாலும் அலை அலையாக வரும். இருவழிச் சாலையும் அதே கரிசலில்தான் போகிறது. அங்கே 50ல் போவதால் அலை தெரியவில்லை, அவ்வளவுதான்.

தொப்பூரை மட்டும் நான் காப்பாற்ற முயல மாட்டேன். தருமபுரியிலிருந்து சேலம் இறங்கும்போது அந்தக் கணவாய்ச் சரிவு நான்குவழியாக இருந்தும் ஆளை விழுங்குகிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விடுகிறார்கள். எஞ்சின் பிடிப்பு போய்விடுகிறது, எல்லாப் பாரமும் பிரேக்கில் விழுகிறது, டிரம் சூடேறிப் பிரேக் பிடிப்பு செத்துப்போகிறது. எந்த கியரில் ஏறுவாயோ அதே கியரில் இறங்கு என்பது மலைப்பாதைப் பாடம். நான்குவழியாகிவிட்டதால் அது மலை இல்லை என்று ஆகிவிடாது.

இப்போது சுங்கம். "இருவழிச் சாலையில் சுங்கமே இல்லை" என்றார் ஐயா. 2008ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைக் கட்டண விதியைப் புரட்டச் சொல்லுங்கள். ஓரத்தில் தார்த்தளம் போட்டு மேம்படுத்திய இருவழிக்கும் கட்டணம் உண்டு, நான்குவழிக் கட்டணத்தில் 60 சதவீதம். எதிரே வரும் பஸ்ஸுக்கு ஒதுங்கிக்கொண்டே அந்த 60 சதவீதத்தைக் கட்ட வேண்டும். எங்கள் பக்கம் சென்னையிலிருந்து திருச்சி வரைக்கும் பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம் என்று ஆறு சாவடி. அதிகம்தான். 60 கிலோமீட்டருக்கு ஒன்று என்பது விதி. காரணம் எழுதி வைத்துவிட்டு நெருக்கிப் போடவும் அதே விதி இடம் கொடுக்கிறது, அது எனக்கும் கசப்பு. ஆனால் 2025 ஆகஸ்ட் 15 முதல் சொந்தக் காருக்கு ஆண்டுப் பாஸ் வந்திருக்கிறது. வந்தபோது விலை 3,000 ரூபாய், 200 கடப்பு. அந்த விலையில் ஒரு கடப்புக்கு 15 ரூபாய். ஆறு சாவடிக்கு 90 ரூபாய். வாடகை வண்டிக்கும் லாரிக்கும் இது கிடையாது. கிழக்குக் கடற்கரைச் சாலை மாதிரி மாநிலச் சாலைச் சாவடியிலும் செல்லாது. பாஸ்டேக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்புமுன் பார்த்துக்கொள்ளுங்கள். செல்லாத டேக்குடன் போனால் கூடுதல் கட்டணம்.

கடைசியாகத் தூக்கம். நேர்ச் சாலை தாலாட்டும், உண்மை. ஆனால் தூக்கத்தைக் கொண்டுவருவது சாலை இல்லை. விடியற்காலை இரண்டு மணியும் வயிறு முட்டத் தின்ற பரோட்டாவும். மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961லேயே சொல்லிவிட்டது: நாளுக்கு 8 மணி நேரம், 5 மணி நேரத்துக்கு ஒரு தடவை அரை மணி ஓய்வு. அதைக் கொடுக்காத முதலாளியை விட்டுவிட்டுச் சாலையை ஏன் கூண்டில் ஏற்றுகிறீர்கள்? சரி, கண் சொருகியே விட்டது என்று வைப்போம். 80ல் இரண்டு நொடி கண் மூடினால் 44 மீட்டர். இருவழிச் சாலையில் வண்டி இரண்டு மீட்டர் வலப்பக்கம் நகர்ந்தால் எதிரே பஸ், இடப்பக்கம் நகர்ந்தால் நீங்கள் பாடிய அந்தப் புளியமரம். நான்குவழியில் இடப்பக்கம் ஒன்றரை மீட்டர் தார் ஓரம், அதை ஒட்டி வெள்ளைக் கோடு, உயரக் கரை உள்ள இடத்தில் இரும்புத் தகட்டு வேலி. தப்பு செய்தவனுக்கு விழித்துக்கொள்ள ஒரு நொடி தருகிற சாலை அது.

மணி அடித்துவிட்டீர்கள், முடித்துவிடுகிறேன். மரமும் மலையும் இல்லாமல் எதிரணி ஐயாவுக்குப் பயணம் ருசிக்காது என்று தெரிகிறது. அடுத்த தடவை திருச்சியிலிருந்து மதுரை போகும்போது துவரங்குறிச்சியில் மேலூர்ப் பக்கம் போகாமல் நத்தம் பக்கம் திரும்பச் சொல்லுங்கள். தூரமும் குறைவு. நான்குவழி, நடுத்திட்டு, இருபுறமும் மலை. மதுரை நெருங்கும்போது 2023ல் திறந்த 7.3 கிலோமீட்டர் மேம்பாலம், கீழே நடக்கும் நெரிசல் எதுவும் மேலே எட்டாது. ஐயா ஜன்னல் ஓரம் உட்கார்ந்து மலையைப் பார்க்கட்டும், ஓட்டுகிறவர் சாலையைப் பார்ப்பார்.