எந்த மண்ணில் கிடைத்தது?

அவையோருக்கு வணக்கம்.

வட்டார அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்களில் பலர் முதல் பேழையிலிருந்து ஒன்றுவிடாமல் பார்க்கத் தொடங்குகிறார்கள். மூன்றாவது கூடத்தை எட்டும்போது கால் கடுக்கும், கண் எதிலும் பதியாது. 1916-லேயே இந்தச் சோர்வைப் பற்றி எழுதினார் பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தின் பெஞ்சமின் ஐவ்ஸ் கில்மன். குனிந்தும் குந்தியும் கழுத்தைத் திருப்பியும் பார்க்கும் ஒருவரைப் படமெடுத்து, தவறு பேழை வைத்த விதத்தில்தான் என்று காட்டினார். ஆகவே முதலில் எங்கும் நிற்காமல் பத்து நிமிடம் ஒரு சுற்று நடந்து வாருங்கள். பிறகு ஐந்தாறு பொருள்களுக்கு மட்டும் திரும்பிப் போங்கள். மற்றவை இன்னொரு நாளுக்கு ஆகட்டும்.

அந்த ஐந்தாறை எப்படித் தேர்வது? அழகை வைத்து அல்ல. விவரச் சீட்டில் கிடைத்த இடம் தெளிவாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். "மண்பானை, பழங்காலம்" என்று மட்டும் இருந்தால் அது எந்த ஊரிலும் இருக்கக்கூடிய பானை. எந்த மேட்டில், எத்தனை அடி ஆழத்தில், கூட என்னவெல்லாம் கிடைத்தன என்று எழுதியிருந்தால், உடைந்த ஓடுகூட அந்த வட்டாரத்துக்குச் சாட்சி. மண்ணடுக்கைக் குறிக்காமல் தோண்டியெடுத்த பொன்னைவிட அந்த ஓடு பெரிது; என் கட்சி அதுதான்.

பொருளின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும். அதையும் விடாதீர்கள். பல இடங்களில் 1987.12.4 என்பதுபோல் எழுதுவார்கள்: 1987-ல் வந்தது, அந்த ஆண்டின் 12-ஆவது வரவு, அந்த வரவில் 4-ஆவது பொருள். அப்படியானால் கூட வந்த மற்றவை எங்கே? காப்பாட்சியரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

துணி, ஓவியத்தாள், கையெழுத்துச் சுவடி இருக்கும் கூடம் இருட்டாக இருக்கிறது என்று குறைப்படுவோர் உண்டு. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள்; அங்கே வழக்கமான அளவே சுமார் 50 லக்ஸ்தான். ஒளியால் வெளுத்த சாயம் திரும்பி வராது. நாலைந்து நிமிடம் நின்றால் கண் பழகிவிடும். கைப்பேசி விளக்கைப் போட்டால் கண்ணாடியில் உங்கள் முகம்தான் தெரியும். தேய்ந்த கல்லெழுத்துக்கோ நேர்மாறு: அதற்கு வெளிச்சம் வேண்டும், ஆனால் நேரே விழக்கூடாது. பக்கவாட்டில் சாய்ந்து விழுந்தால்தான் பள்ளங்களில் நிழல் தங்கி எழுத்து எழும். நின்ற இடத்திலிருந்து இரண்டடி நகர்ந்து பாருங்கள்.

வெண்கலச் சிலையில் வழவழப்பான கரும்பச்சைப் படலம் இருந்தால் கவலையில்லை. தொட்டால் உதிரும் வெளிர்பச்சைப் பொடி கண்டால், உள்ளே தங்கிய குளோரைடு உப்பு ஈரப்பதத்தோடு சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது என்று ஐயப்படலாம். ஈயப் பொருளில் வெண்பொடி தெரிந்தால் பேழையின் மரத்தையே சந்தேகியுங்கள். சிலவகை மரங்கள் விடும் அமில ஆவி அதைச் செய்யும். கண்டதும் கண்ணாடியைத் தட்டிக் காட்டாமல், எண்ணைக் குறித்துக்கொண்டு அலுவலகத்தில் சொல்லுங்கள்.

காட்சிக்கு வைத்திருப்பது பெரும்பாலும் சேகரிப்பில் ஒரு பங்குதான். வைப்பறையில் உள்ளதைப் பார்க்க வேண்டுமானால், இன்ன ஊர், இன்ன வகைப் பொருள் என்று குறிப்பிட்டு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். "எல்லாவற்றையும் காட்டுங்கள்" என்று கேட்டால் எந்தக் காப்பாட்சியராலும் எடுத்துத் தர முடியாது.