எடைக்கல் இல்லாத தராசு

நேயர்களுக்கு வணக்கம்.

பயாப்சி ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள் முதலில் கேட்பது, "இது கேன்சரா டாக்டர்?" அடுத்தது, "எவ்வளவு மோசம்?" முதல் கேள்விக்குப் பெரும்பாலும் மைக்ராஸ்கோப்பைப் பார்த்தே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவதுதான் சங்கடம். செல்லுக்குள் இருக்கும் உட்கரு பெரிதாக, கறுத்து, கோணல்மாணலாக இருந்தால் மோசம் என்போம். ஆனால் எனக்குக் கறுப்பாகத் தெரிவது பக்கத்து நாற்காலிக்காரருக்கு அவ்வளவு கறுப்பாகத் தெரியாது. அந்தக் கறுப்பை ஓர் எண்ணாக மாற்ற முடியாதா என்பதுதான் முப்பது வருஷமாக என்னை விடாத கேள்வி.

உட்கருவில் சாயத்தை ஏற்கிற பொருள் டி.என்.ஏ. நம் உடம்பின் சாதாரண செல்லில் 46 குரோமோசோம்கள். அவற்றில் இருக்கும் டி.என்.ஏ.வின் எடை, ஒரு கிராமை லட்சம் கோடிப் பங்காக்கினால் அதில் சுமார் ஆறரைப் பங்கு. தோலோ குடலோ, இந்த அளவு பொதுவாக மாறாது. செல் இரண்டாகப் பிரியப் போகும்போது மட்டும் இரட்டிப்பாகி, பிரிந்ததும் பழைய அளவுக்கு வந்துவிடும். புற்றுச் செல்லில் பல நேரம் இந்தக் கணக்கு குழம்பிவிடுகிறது. குரோமோசோம்கள் சரிபாதியாகப் பிரியாமல் ஒரு பக்கம் கூடி, ஒரு பக்கம் குறைந்துபோகின்றன. ஒன்றுக்குப் பதில் ஒன்றரை, ஒன்றேமுக்கால் என்று அளவுகள் வருகின்றன. இதற்குத்தான் அனியூப்ளாய்டி என்று பெயர்.

சரி, இவ்வளவு சின்ன எடையை எந்தத் தராசில் போடுவது? 1924-இல் ஜெர்மனியில் ராபர்ட் ஃபாய்ல்கன் ஒரு சாயமுறையைக் கண்டுபிடித்தார். முதலில் அமிலம், அப்புறம் சாயம், டி.என்.ஏ. இருக்கும் இடம் மட்டும் செவ்வூதாவாக மாறும். எவ்வளவு டி.என்.ஏ.வோ அவ்வளவு நிறம். நிறம் எவ்வளவு ஒளியை விழுங்குகிறது என்று அளந்தால் போதும். ஸ்வீடனில், ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில், டோர்பியோர்ன் காஸ்பெர்சன் சாயம்கூட இல்லாமல் 1930-களிலேயே புற ஊதா ஒளியை வைத்து ஒற்றைச் செல்லை அளந்தார். சாதாரணக் கண்ணாடி அந்த ஒளியை விடாது என்பதால் குவார்ட்ஸில் லென்ஸ் செய்துகொண்டார்கள்!

இங்கே என் சொந்தக் கதை ஒன்று. படித்து முடித்த புதிது, மே மாதம். ஆய்வகத்தில் ஏ.சி. ஓடவில்லை. மார்பகக் கட்டியின் வெட்டிய முகத்தைக் கண்ணாடித் துண்டில் ஒற்றி எடுத்து, ஃபாய்ல்கன் சாயம் போட்டேன். ஏன் ஒற்றி எடுக்க வேண்டும் என்று கேட்பீர்கள். எலுமிச்சையின் ஒரு வில்லையை நிறுத்து முழுப் பழத்தின் எடையைச் சொல்ல முடியுமா? மெல்லிய சீவலில் பல உட்கருக்கள் பாதி அறுந்துதான் கிடக்கும். ஒற்றினால் முழுசாக வரும். அளந்து பார்த்தால் எல்லாச் செல்லிலும் டி.என்.ஏ. குறைச்சல். பெரிதாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மேடத்திடம் ஓடினேன். அவர் படத்தைப் பார்க்கவே இல்லை. "லிம்போசைட்டை அளந்தியாப்பா?" என்றார். கட்டிக்கு நடுவே எப்போதும் லிம்போசைட் என்கிற வெள்ளணுக்கள் நாலைந்து கிடக்கும். அவை நோயில்லாத செல்கள். போய் அளந்தேன். அவையும் அதே அளவு வெளுத்திருந்தன! வெக்கையில் அமிலம் சூடேறி, டி.என்.ஏ.வையே கரைத்துக்கொண்டு போயிருந்தது. வெள்ளணுவை ஒன்று என்று வைத்துக் கணக்கிட்டதும் கட்டி ஒன்றே முக்காலில் வந்து நின்றது.

நகைக் கடையில் தராசுத் தட்டில் குன்றிமணி போட்ட காலத்தை வயதானவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த வெள்ளணுதான் எங்கள் குன்றிமணி. அது பக்கத்தில் இல்லாத எண்ணை நான் இன்றுவரை நம்புவதில்லை. மாணவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி, எனக்கு ஒரு பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அது வானொலியில் வேண்டாம்.

ஸ்டாக்ஹோமுக்கே வருகிறேன். காஸ்பெர்சனோடு வேலை செய்த கெர்ட் அவுவர், மார்பகப் புற்றுச் செல்களின் டி.என்.ஏ. அளவை அந்த நோயாளிகள் எத்தனை காலம் வாழ்ந்தார்கள் என்பதோடு ஒப்பிட்டார். 1980-இல் வெளிவந்த முடிவு இது: அளவு சாதாரணச் செல்லை ஒட்டி நின்ற கட்டிகளை உடையவர்கள் பெரும்பாலும் நெடுநாள் இருந்தார்கள், தாறுமாறாகச் சிதறியிருந்தவர்களுக்கு நோய் வேகமாகப் போயிருந்தது. பெரும்பாலும் என்பதை அடிக்கோடிட்டுக் கேளுங்கள். டி.என்.ஏ. அளவு சரியாக இருந்தும் முரட்டுத்தனமாகப் பரவுகிற கட்டிகள் உண்டு. ஒரு மரபணுவில் ஓர் எழுத்து பிழையானால் எடையில் தெரியவா போகிறது? அதனால் இந்த எண்ணைத் தனியே வைத்து யாரையும் பயமுறுத்தக் கூடாது, தைரியம் சொல்லவும் கூடாது. கட்டியின் அளவு, நெறிக்கட்டிக்குப் பரவியதா என்பதெல்லாம் இன்றும் முன்வரிசையில்தான் இருக்கின்றன.

ஸ்டுடியோக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரலைக் காட்டுகிறார்கள், இரண்டு நிமிஷம்தான் பாக்கி. ஃப்ளோ சைட்டோமெட்ரி பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன். செல்களை வரிசையில் ஓடவிட்டு லேசர் ஒளியில் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் அளக்கும் கருவி என்று மட்டும் இப்போதைக்குச் சொல்லிவைக்கிறேன். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டேன். டி.என்.ஏ. கூடினாலே கெட்டது என்று இவ்வளவு நேரம் நினைத்திருப்பீர்கள். குழந்தைகளுக்கு வரும் ஒருவகை இரத்தப் புற்றில் கதை நேர்மாறு. குரோமோசோம் 50-க்கு மேல் ஏறி, டி.என்.ஏ. அளவு, சாதாரணச் செல்லை ஒன்று என்று வைத்தால், 1.16 அல்லது அதற்கு மேல் இருந்தால் அந்தக் குழந்தைகள் மருந்துக்கு நன்றாகவே வழிக்கு வருகிறார்கள். ஏன் என்பதற்கு இன்னொரு பதினைந்து நிமிஷம் வேண்டும். ஒரு விரல் ஆகிவிட்டது. வணக்கம்.