பி.ஓ.டி. குறைவாக வந்தால் நீர் தூய்மையானதா?

வணக்கம். நேயர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “பி.ஓ.டி., சி.ஓ.டி. இரண்டுமே ஆக்ஸிஜன் தேவையைத்தான் குறிக்கின்றன என்றால், ஒரே கழிவுநீருக்கு இரண்டு எண்கள் வருவது ஏன்? பி.ஓ.டி. மிகக் குறைவாக வந்தால் அந்த நீரைத் தூய்மையானது என்று கொள்ளலாமா?”

பி.ஓ.டி. என்பது உயிர்வேதி ஆக்ஸிஜன் தேவை, சி.ஓ.டி. என்பது வேதி ஆக்ஸிஜன் தேவை. இரண்டு பெயர்களிலும் ‘தேவை’ என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். நீரில் இருக்கும் அழுக்கை நேரடியாக எடைபோடாமல், அதைச் சிதைக்க எவ்வளவு ஆக்ஸிஜன் செலவாகிறது என்று பார்க்கிறோம். சிதைப்பவர் யார் என்பதில்தான் வேறுபாடு.

பி.ஓ.டி.யில் அந்த வேலையைச் செய்பவை நுண்ணுயிர்கள். 300 மில்லிலிட்டர் குப்பியில் 6 மில்லிலிட்டர் கழிவுநீரை விட்டு, மீதியை ஆக்ஸிஜன் நிறைந்த நீர்த்தல் நீரால் நிரப்பி, ஒரு காற்றுக்குமிழிகூடத் தங்காதபடி மூடி, பாசி ஒளிச்சேர்க்கை செய்து புதிதாக ஆக்ஸிஜனை உண்டாக்கிவிடக் கூடாது என்பதற்காக இருட்டில், 20 டிகிரி செல்சியஸில் 5 நாள் வைக்கிறோம். கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 8.6 மில்லிகிராமிலிருந்து 4.2 ஆகக் குறைந்தால், வேறுபாடு 4.4, அதை நீர்த்தல் மடங்காகிய 50 ஆல் பெருக்கினால் பி.ஓ.டி. 220.

சி.ஓ.டி.யில் நுண்ணுயிர்களுக்கு வேலை இல்லை. பொட்டாசியம் டைகுரோமேட்டும் கந்தக அமிலமும் 150 டிகிரியில் 2 மணி நேரத்தில், நுண்ணுயிர்களால் செரிக்க முடியாதவை உட்பட கரிமப் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஆக்ஸிஜனேற்றிவிடுவதால், அந்த எண் பொதுவாகப் பெரிதாக வருகிறது. ஆரஞ்சு நிறக் கரைசல் சூடாகும்போதே முழுவதும் பச்சையாகிவிட்டால், டைகுரோமேட் தீர்ந்துவிட்டது என்று பொருள். மாதிரியை மேலும் நீர்த்து மறுபடி செய்ய வேண்டும்.

இனி இரண்டாவது கேள்வி. கொள்ளக் கூடாது என்பதே என் உறுதியான பதில். நச்சு உலோகமோ குளோரின் மிச்சமோ உள்ள நீரில் நுண்ணுயிர்கள் மடிந்துபோகும். மடிந்தவை ஆக்ஸிஜனை எடுப்பதில்லை. ஆகவே எண் குறைவாக வரும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர் மிக ஆபத்தான நீரை மிக நல்ல நீர் என்று எண்ணிவிடுவார். அதனால் சி.ஓ.டி.யை அருகில் வைத்தே பி.ஓ.டி.யைப் படியுங்கள். பி.ஓ.டி.யைச் சி.ஓ.டி.யால் வகுத்து வரும் விகிதம் 0.5 அல்லது அதற்கு மேல் இருந்தால் உயிரியல் சுத்திகரிப்புக்கு அந்த நீர் எளிதில் இணங்கும். 0.3க்குக் கீழே இறங்கினால், நச்சு இருக்கிறதா, அல்லது செரிக்கக் கடினமான பொருள் மிகுந்திருக்கிறதா என்று ஆராய வேண்டும்.

நச்சை அடையாளம் காண எளிய வழி ஒன்று உண்டு. ஒரே மாதிரியை 20, 50, 100 மடங்கு என வெவ்வேறு அளவில் நீர்த்துச் சோதியுங்கள். நச்சில்லாத நீரில் கணக்கிட்ட மதிப்புகள் ஏறக்குறைய ஒத்திருக்கும். நீர்க்க நீர்க்க மதிப்பு ஏறிக்கொண்டே போனால், நச்சின் செறிவு குறையக் குறைய நுண்ணுயிர்கள் மீண்டும் வேலை செய்யத் தொடங்குகின்றன என்று அறியலாம். அப்போது முதலில் வந்த குறைந்த எண்ணை அறிக்கையில் எழுதக் கூடாது.